திரும்பாத ஆமை

"வருத்தம் வாகனத்துக்கோ, டிரைவருக்கோ? அதை மட்டும் பார்த்துச் சொல்லும். நான் பின்னேரம் வருவன்," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா சேர். நோய்க்கும் பழுதுக்கும் அவருக்கு வருத்தம் என்ற ஒரே சொல்தான்.

பதுளையில் எங்கள் நிவாரண நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அவர்தான் பொறுப்பு. நான் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பேராதனையில் பௌதிகம் படித்தவள் என்ற காரணத்தால் அலுவலகத்தில் பழுதாகும் எதுவும் என் மேசைக்கு வந்தது. போட்டோகொப்பி மெஷின், தண்ணீர் மோட்டார். இப்போது ஆமை.

ஆமை என்பது தோட்டத்து ஆட்கள் வைத்த பெயர். பச்சை நிறத் தொட்டி போன்ற உடம்பு, அதற்குக் கீழே பக்கத்துக்கு மூன்றாக ஆறு பருத்த சக்கரங்கள். சேற்றில் போகும், தண்ணீரில் மிதக்கும். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரைக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்தது. அங்கே வேலை குறைந்ததும் மலைக்கு ஏற்றிவிட்டார்கள். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மேல் டிவிசனுக்குப் போகும் பாலத்தை மண்சரிவு கொண்டுபோயிருந்தது. அங்குள்ள லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாருக்காவது சுகமில்லை என்றால், பிரசவம் என்றால், ஆமைதான் ஆற்றைக் கடந்து அவர்களைக் கீழே றோட்டுக்குக் கொண்டுவரும்.

அதை ஓட்டியவர் யேசுரத்தினம். ஐம்பது வயதைத் தாண்டியவர். முன்பு தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டினார். மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து வலது தோள் கழன்றுவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த காலம் முழுவதும் ஆமையும் டயர் கிழிந்து ஷெட்டில் கிடந்தது. அவர் திரும்பி வந்து அதை வெளியே எடுத்த நாளிலிருந்து அது திரும்ப மறுத்தது. நேரே போகும். வளைவு வந்தால் இறுகிக்கொள்ளும்.

எல்லாரும் அவருடைய தோளைத்தான் பார்த்தார்கள். தோள்தான் காரணம் என்றால் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுப்பது என்று சேர் முடிவு செய்திருந்தார். கொழுந்து லொறியைத் தோட்டம் ஏற்கனவே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. ஆமையும் போனால் யேசுரத்தினத்துக்கு ஓட்ட எதுவும் இல்லை.

அந்த வேறு ஒருவர் என்னுடன் தோட்டத்துக்கு அதே பஸ்ஸில் வந்தார். பெயர் றொனி. பதுளை டவுனில் வேன் ஓட்டுகிறவர், என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். பஸ் ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே வந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"மிஸ், நீங்க பேசவே மாட்டீங்களா? இல்ல எங்கிட்ட மட்டுந்தானா?"

"இல்லை," என்றேன். எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் என்று எனக்கே தெரியவில்லை.

ஷெட் வாசலில் யேசுரத்தினம் நின்றார். "வாங்க மிஸ், வாங்க தம்பி," என்று சொல்லி என் பையை வலது கையால் வாங்கினார். இடது கை சும்மாதான் இருந்தது. பையில் வண்டியின் தடித்த கைநூல் இருந்தது. நல்ல பாரம். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அதனால்தான் நான் கவனித்தேன்.

"மொதல்ல தம்பி ஓட்டிப் பாக்கட்டும்," என்றார் அவரே.

ஆமைக்கு ஸ்டீரிங் சில்லு கிடையாது. மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற கைபிடி. அதை இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கச் சக்கரங்கள் மூன்றையும் பிரேக் பிடிக்கும். வலப்பக்கச் சக்கரங்கள் தள்ளிக்கொண்டு போக, வண்டி அப்படியே சறுக்கித் திரும்பும். சக்கரம் எதுவும் வளைவதில்லை. இதைக் கைநூலில் படித்திருந்தேன். றொனிக்குச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு ஆற்றுப் பக்கமாக இறக்கினார். கீழே சேற்றில் இரண்டு வட்டம் போட்டுவிட்டு ஏறி வந்தார்.

"பட்டர் மாதிரி திரும்புது மிஸ். இதுல என்னா கொறைன்னு வந்தீங்க?"

அடுத்தது யேசுரத்தினம். ஏறி உட்கார்ந்து பெக்டரிப் பக்கம் போகும் கல் றோட்டில் விட்டார். முதல் வளைவில் கைபிடியை இழுத்தார். பிறகு எழும்பி நின்று இரண்டு கைகளாலும் இழுத்தார். ஆமை கொஞ்சம் யோசித்த மாதிரி தயங்கிவிட்டு நேரே போய் தேயிலைச் செடிக்குள் மூக்கை வைத்து நின்றது.

மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "அண்ணே, அதுக்குப் பசிக்குது போல! மேய விடுங்க!" என்று ஒருத்தி கத்தினாள்.

அவர் இறங்கி வந்து என் முன்னால் நின்றார். நெற்றியில் வேர்வை. "கையில ஒண்ணும் இல்லீங்க மிஸ்," என்றார்.

நான் கைநூலைத் திறந்தேன்.

வண்டி திரும்ப இறுகினால் பார்க்க வேண்டியவை என்று ஒரு பக்கம் இருந்தது. பிரேக் ஒயில் மட்டம். கைபிடியிலிருந்து போகும் தண்டுகள் வளைந்திருக்கின்றனவா. மூட்டுகளில் கிரீஸ் காய்ந்திருக்கிறதா. நான் படித்துத் தமிழில் சொன்னேன். அவர் ஸ்பானரோடு உள்ளே குனிந்தார். ஒயில் சரியாக இருந்தது. தண்டுகள் நேராக இருந்தன. மூட்டுகளைத் துடைத்துப் புதுக் கிரீஸ் வைத்தார். நட்டைச் சிறிது தளர்த்தி, கைபிடி எவ்வளவு தூரம் சும்மா அசைகிறது என்று பார்த்து, மறுபடி இறுக்கினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு கல் றோட்டில் ஓட்டினோம். ஒவ்வொரு முறையும் ஆமை தேயிலைச் செடியிடம் போனது.

படித்ததெல்லாம் முடிந்துவிட்டது. றொனிக்குத் திரும்புகிறது. யேசுரத்தினத்துக்குத் திரும்பவில்லை. வண்டி ஒன்றுதான். அப்படியானால் தோள்தான் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறலாம். ஆனால் அவர் இழுத்த இழுவையில் கைபிடி வளைந்ததை என் கண்ணால் பார்த்தேன். பலமில்லாத கை அப்படி இழுக்குமா?

தோளையும் கையையும் விட்டுவிட்டு இழுவையை மட்டும் அளக்க வேண்டும் என்று தோன்றியது. சுற்றிப் பார்த்தேன். எதிரே கொழுந்து மடுவத்தில், பறித்த கொழுந்தை நிறுக்கும் தராசு கொக்கியில் தொங்கியது.

மடுவத்தில் இருந்த கணக்கப்பிள்ளை தம்பையாவிடம் போய்த் தராசைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தராசா? எதுக்கு மிஸ்?"

"ஆமையை..."

"ஆமைய நிறுக்கப் போறீங்களா?"

மடுவத்துக்குக் கூடையோடு வந்த பாக்கியலெட்சுமி என்ற பெண் அதைக் கேட்டுவிட்டாள். "நிறுத்தா தண்ணிக்கின்னு ரெண்டு கிலோ கழிச்சிருவாரு, பாத்துக்கங்க மிஸ்! எங்களுக்கு அப்பிடித்தான் கழிக்கிறாரு."

தம்பையா அவளை முறைத்தார். "பகல் கொழுந்து வாறதுக்கு முன்னாடி கொண்டாந்துருங்க," என்று கழற்றிக் கொடுத்தார்.

தராசின் கொக்கியைக் கைபிடியின் இடது முனையில் மாட்டினோம். யேசுரத்தினம் மெதுவாக ஓட்டினார். திருப்பவில்லை. பின் பலகையில் உட்கார்ந்திருந்த றொனி தராசைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நான் அவர்களுக்கு நடுவில் குந்தியிருந்து, வண்டி திரும்பத் தொடங்கும் கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன்.

கல் றோட்டில் முள் பதினெட்டு கிலோவுக்குப் போனது. றொனியின் கழுத்து நரம்பு புடைத்தது. "என்னாடா இது, மாட்ட இழுக்கிற மாதிரி இருக்கு," என்றார்.

ஆற்றங்கரைச் சேற்றில் முள் ஏழைத் தாண்டவில்லை.

றொனி பொய் சொல்லவில்லை. யேசுரத்தினமும் பொய் சொல்லவில்லை. ஒருவர் சேற்றில் ஓட்டினார், ஒருவர் கல்லில் ஓட்டினார். சேற்றில் சக்கரம் சறுக்கும், கல்லில் பிடித்துக்கொள்ளும். எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த கணம் இல்லை. கல்லில் பதினெட்டு என்பது கூடுதலா, இதன் சுபாவமே அதுதானா? கைநூலில் அந்தக் கணக்கு இல்லை. முந்தி எவ்வளவு இருந்தது என்று யாரும் அளந்ததில்லை. இதன் சுபாவம் அதுதான் என்றால், அதை இழுக்கிற கை உள்ளவர்தான் ஓட்ட வேண்டும். சேர் அப்படித்தான் சொல்வார்.

அந்த நேரத்தில் டிஸ்பென்சரியிலிருந்து குடையோடு றோசாலி வந்தார். தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் மிட்வைப். ஆமையில் அடிக்கடி போகிறவர் அவர்தான்.

"அக்கா, முந்தி இந்தக் கல் றோட்டில் இது எப்படித் திரும்பும்?"

"ரெண்டு வெரல்ல திருப்புவாரு மிஸ். சுருட்ட ஒரு கையில வச்சிக்கிட்டுத் திருப்புவாரு. வேணாம்னு நான் ஏசியிருக்கேன்."

"சுருட்டச் சொல்லணுமா இப்ப?" என்றார் யேசுரத்தினம்.

"உண்மையத்தானே கேக்குறாங்க. ஆனா மிஸ், ஒண்ணு சொல்லுவேன். இப்பத்தான் நான் நிம்மதியா உக்காந்து வாறேன். முந்தியெல்லாம் கல்லுல ஏறுனா முன்னுக்கும் பின்னுக்கும் ஆடும். இப்ப ஆட்டமே இல்ல. கட்டில் மாதிரி கெடக்கு."

"எப்போதிலிருந்து ஆடவில்லை?"

"இவரு ஆஸ்பத்திரில இருந்து வந்த பொறகு."

எனக்குக் குழப்பம் கூடிவிட்டது. ஒரே நாளில் திரும்புவது கெட்டுப்போனது. அதே நாளில் ஆட்டம் நின்றுபோனது. ஒன்று பழுது, மற்றது சுகம். தோள் நொந்தவர் ஓட்டினால் வண்டி ஏன் ஆடாமல் போக வேண்டும்?

மழை சடாரென்று கொட்டியது. எல்லாரும் மடுவத்துக்கு ஓடினோம். நனைந்தால் என்ஜின் தொந்தரவு கொடுக்கும் என்று யேசுரத்தினம் ஆமையையும் உள்ளே கொண்டுவந்து, தராசுக் கம்பத்தைத் தாண்டி நிறுத்தி, தம்பையா கத்தியதும் கொஞ்சம் பின்னால் எடுத்தார்.

உள்ளே காய்ந்த சீமெந்துத் தரை. அதில் சக்கரங்கள் தரையைத் தொடும் இடம் தெளிவாகத் தெரிந்தது. முன் சக்கரங்கள் அகலமாகப் பதிந்து நின்றன. பின் சக்கரங்களும் அப்படித்தான். நடுச் சக்கரங்களுக்கு அடியில் மெல்லிய கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். நடுச் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. விரலை விட்டுப் பார்க்கலாம் போலிருந்தது. விட்டுப் பார்த்தேன். போனது.

"அண்ணே, டயர் கிழிந்தது எந்தச் சக்கரத்தில்?"

"நடுவுல ரெண்டும் மிஸ். கல்லு கிழிச்சிருச்சு. நான் வந்த அன்னைக்குத்தான் ஒங்க ஒபீஸ்ல இருந்து புது டயர் ரெண்டு வந்திச்சு."

"அதை நடுவிலா போட்டீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "புது டயர யாராச்சும் நடுவுல போடுவாங்களா மிஸ்? முன்னாடி போட்டேன். முன்னாடி இருந்த பழச கழட்டி நடுவுக்கு மாத்துனேன். ஒத்தக் கையால ஒரு பகல் பூரா கெடந்து செஞ்சேன்."

"அண்ணன் சொல்றது சரிதான் மிஸ்," என்றார் றொனி. காலையிலிருந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போனது இதில்தான். "நம்ம மலை றோட்டுல புதுசு முன்னுக்குத்தான். முன் டயர் வெடிச்சா நேரா பள்ளந்தான். அது சட்டம் மாதிரி."

"லொறி கிளீனர்கூட தெரிஞ்சி வச்சிருப்பான்," என்றார் தம்பையா.

மூன்று பேர். நான் ஒருத்தி. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தம்பையாவின் சோக்கை வாங்கித் தரையில் கோடு போட்டேன். மூன்று வட்டம். முதல் வட்டம் பெரிது, மற்ற இரண்டும் தேய்ந்தவை, சிறியவை. பெரியதையும் கடைசியையும் தொட்டுக் கீழே ஒரு கோடு இழுத்தால் நடு வட்டம் அந்தரத்தில் நின்றது.

"லொறியில் முன்சக்கரம் வளைந்து திரும்பும். இதில் எதுவும் வளையாது," என்றேன். குரல் கீழே போய்விட்டது. மழைச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்டதா தெரியவில்லை. மறுபடி சொன்னேன். "முன்னாலும் பின்னாலும் மட்டும் பாரம் இருந்தால், அந்த நீளம் முழுவதையும் தரையில் தேய்த்து இழுக்க வேண்டும். நடுவில் பாரம் இருந்தால்..." என் செருப்பின் குதியை ஊன்றித் திரும்பிக் காட்டினேன். சுலபமாகத் திரும்பினேன், முன்னும் பின்னும் ஆடவும் செய்தேன். பாக்கியலெட்சுமி சிரித்தாள்.

"அப்ப நான் போட்டதுதான் பிழையா?" என்றார் யேசுரத்தினம்.

பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலும், நான் சொல்வது சரிதானா என்றும் நிச்சயமில்லை. "மாற்றிப் பார்ப்போமா?" என்றேன்.

மாற்றினோம். முதல் சக்கரத்தைக் கழற்றித் தூக்கும்போது யேசுரத்தினத்தின் வலது கை இடுப்புக்கு மேல் வரவில்லை. சக்கரம் நழுவியது. றொனி சட்டென்று கீழே பிடித்துக்கொண்டார். அந்தக் கையை அவரும் பார்த்துவிட்டார், நானும் பார்த்துவிட்டேன். "நீங்க நட்ட மட்டும் போடுங்க அண்ணே, நான் தூக்குறேன்," என்றார் றொனி.

மழை விட்டதும் கல் றோட்டில் தராசை மாட்டி ஓட்டினோம். முள் ஒன்பதில் நின்றது. யேசுரத்தினம் தராசைக் கழற்றச் சொன்னார். வளைவில் ஒரு கையால் இழுத்தார். ஆமை திரும்பியது. மறுபடி திருப்பினார். மறுபடி. பிறகு பின்னால் உட்கார்ந்திருந்த றோசாலி கத்தினார்.

"யம்மா! நிறுத்துங்க! புள்ளத்தாச்சி இதுல வந்தா பாதி வழியிலயே பெத்துருவா!"

முன்பைவிட மோசமாக ஆடியது. புது டயர் நடுவில் பந்து மாதிரி நின்றது. ஆமை ஒரு முறை மூக்கைக் குத்தி, ஒரு முறை பின்பக்கத்தைக் குத்தி ஓடியது.

"திரும்புதுல்ல?" என்றார் யேசுரத்தினம்.

"ஒங்களுக்குத் திரும்புது. எனக்குக் கொடல் பொரளுது. நான் இதுல ஏற மாட்டேன். யாரையும் ஏத்தவும் மாட்டேன்."

அவர் இறங்கி நடுச் சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் விட்டார். ஓட்டினார். "இன்னும்," என்றார் றோசாலி. இன்னும் கொஞ்சம் விட்டார். "இன்னும்." ஒவ்வொரு முறையும் ஆட்டம் குறைந்தது. ஒவ்வொரு முறையும் அவர் வளைவில் கொஞ்சம் கூடுதலாக இழுத்தார். "எனக்கு ஒண்ணுமில்ல, விடுறேன்," என்று மறுபடி குனிந்தார். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு எழும்பினார்.

நான் தராசை எடுத்து மாட்டினேன். பன்னிரண்டு.

"போதும்," என்றேன்.

"இன்னும் கொஞ்சம் விட்டா இவங்களுக்கு..."

"போதும் அண்ணே. அக்கா, இதற்கு மேல் குறைக்க முடியாது. ஒரு மெத்தை வாங்கித் தருகிறேன்."

மெத்தைக்கு அனுமதி யாரிடம் கேட்பது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. றோசாலி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். நான் உரக்கப் பேசிவிட்டேன் போலிருக்கிறது.

பின்னேரம் ஸ்ரீஸ்கந்தராஜா சேர் ஜீப்பில் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வளைவருகே நின்றார். யேசுரத்தினம் றோசாலியை ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்தார்.

"அப்ப வாகனத்துக்குத்தான் வருத்தம்."

"ஓம் சேர். டயர் மாறியிருந்தது. கொழுந்துத் தராசில அளந்து பாத்தம்."

"மாத்தினது ஆர்?"

நான் தரையைப் பார்த்தேன். "நாந்தான் சேர்," என்றார் யேசுரத்தினம். "புதுச முன்னுக்குப் போட்டேன்."

"வாகனத்தைப் பழுதாக்கிப் போட்டு, வாகனம் பழுதெண்டு சொன்னனீரோ? நாங்கள் ஒரு பிள்ளையை மினக்கெட்டு இவ்வளவு தூரம் அனுப்பியிருக்கிறம்."

பேச வேண்டியவள் நான்தான் என்று தெரிந்தது. கடைசியில் கேட்டேன்.

"சேர், உங்கட ஜீப்பில புது டயர் எங்க போட்டிருக்கு?"

அவர் திரும்பி ஜீப்பைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தோம். முன்சக்கரங்களின் பள்ளங்கள் ஆழமாக, பளபளப்பாக இருந்தன. பின்சக்கரங்கள் வழுக்கை.

"அது ஜீப்," என்றார்.

"இதுவும் அப்பிடித்தான் எண்டு எல்லாரும் நினைச்சினம் சேர். நானும் கைநூலில அதைத் தேடேல்ல."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு றொனியிடம் திரும்பினார். "நீர் ஓட்டிப் பார்த்தீர்தானே. நீர் என்ன சொல்லுறீர்?"

றொனி யேசுரத்தினத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு இது சரிவராதுங்க சேர். இந்த ஆட்டத்துல வயித்தப் பொரட்டுது. நான் வேன்காரன்."

காலையில் சேற்றில் வட்டம் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு ஏறி வந்தவர் அவர். டயர் மாற்றிய பிறகும் பின் பலகையில் தராசோடு உட்கார்ந்திருந்தார்; வயிற்றைப் புரட்டியதாக எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம்.

"சரி. அப்ப இவரே ஓடட்டும்," என்றார் சேர்.

யேசுரத்தினம் "சேர்" என்று மட்டும் சொன்னார். என் பையை ஜீப்புக்குத் தூக்கி வந்தார், இடது கையால்.

"தோள் வலிக்குதா அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வலிக்கத்தான் மிஸ் செய்யுது. வண்டி சரியானா தோளு சரியாகுமா?" என்று சிரித்தார். "ஆனா ஓட்டுவேன்."

ஜீப் தோட்டத்தைத் தாண்டி இறங்கியது. மூடுபனி வந்து கண்ணாடியில் ஒட்டியது. சேர் ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்தார். றொனி பின்னால் இருந்தார்.

"தர்மிளா, ஆளின்ர கை எப்பிடி?" என்று சேர் திடீரென்று கேட்டார். "உண்மையைச் சொல்லும்."

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். வண்டிக்கா, ஆளுக்கா என்றுதான் அவர் காலையில் கேட்டார். இரண்டுக்கும் என்று சொன்னால் அந்த மனிதரின் வேலை போய்விடும். வண்டிக்கு மட்டும் என்றால் அது அரைவாசிதான். நாளைக்கு ஆற்று நடுவில் அந்தக் கை கைவிட்டால்? பன்னிரண்டு கிலோவை அந்தத் தோள் தாங்கும் என்று நான் எதை வைத்துச் சொன்னேன்? அவர் முகத்தை வைத்து. அது அளவு ஆகுமா?

"சக்கரம் தூக்க ஏலாது சேர்," என்றேன். "ஓட்ட ஏலும். இண்டைக்குப் பின்னேரம் முழுக்க ஓட்டினார். அது நான் கண்ணால பாத்தது."

சேர் அடுத்த வளைவில் ஹோர்ன் அடித்துத் திருப்பினார்.

"அப்ப சக்கரம் கழட்ட வேண்டி வந்தா?"

"எனக்கொரு போன் கோல் குடுக்கச் சொல்லுங்க சேர்," என்றார் றொனி பின்னாலிருந்து. "வந்து தூக்கிக் குடுத்துட்டுப் போறேன்."

"உமக்கு வயித்தைப் பிரட்டுமே?"

"ஓட்டுனாத்தானே சேர் பொரட்டும்."

சேர் சிரித்தாரா, இருமினாரா என்று இருட்டில் தெரியவில்லை. "அடுத்த மாசம் ஒருக்காப் போய் அந்தக் கையைப் பாரும் தர்மிளா," என்றார். "தராசையும் கேட்டு வாங்கும்."

சரி என்றேன். கையைத் தராசால் எப்படிப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். பதுளை வரும்வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.